விருந்தாளியைக் கண்டால் கிளம்பிவிடும் கூடாரம்

அன்பு மகள் நோமினுக்கு உன் கொம்போ சித்தப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் செவெல்மா சித்தியும் நலம், குதிரைகள் நலம், ஆடுகளில் மிஞ்சியவை நலம், நம் நாய் பாசார் தேவைக்கு மேலேயே நலம். நீ கடல் தாண்டி அந்தப் பூசான் நகரத்துக் கடற்கரையில் உடம்பில் கொஞ்சம் சதை போட்டு இருக்கிறாயா, மீன் கம்பெனியின் ஐஸ் அறைக்குள் போகும்போது கம்பளிக் காலுறையை இரண்டு ஜோடியாகப் போடுகிறாயா என்று முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள் உன் சித்தி. கேட்டாயிற்று. அவள் பங்கு முடிந்தது, இனி இந்தக் கடிதம் என் ராஜ்ஜியம்.

மேலே நீல வானம் சாட்சி, கீழே புல்வெளி சாட்சி, நடுவே என் மூக்குப்பொடிக் குப்பி சாட்சி, ஒன்று சொல்கிறேன் கேள்: நான் இப்போது எழுதப்போகும் கதையை யாரும் நம்பப்போவதில்லை. உன் சித்திக்கு வாசித்துக் காட்டினேன், அவளே நம்பவில்லை, இத்தனைக்கும் கதையில் பாதி அவள்தான். குன்றின் உச்சியில் ஏறி நின்றால் மட்டும் உயிர் வருகிற அந்தப் பக்கத்துவீட்டு லோதோயின் போனில் நீ கூப்பிட்டாயாம். "சித்தப்பா மந்தையை வித்துட்டு நகரத்து ஓரத்துல குடியேறப் போறாராமே, நெசமா மாமா?" என்று கேட்டாயாம். அந்த மகானுபாவன் குன்றிலிருந்து இறங்கி வந்து என்னிடம், "நான் ஒண்ணும் சொல்லலப்பா, ம்ம்னு மட்டுந்தான் சொன்னேன்" என்கிறான். ஒரே ஒரு ம்ம், கடலைத் தாண்டிப் போய் என் பிள்ளையை அழ வைத்திருக்கிறது. ஊருக்கு வந்தால் எந்த வாசலுக்கு வருவது என்று அழுதாயாமே. அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் வாலில் இருக்கிறது. நான் தலையிலிருந்து பரிமாறுகிறவன், ஆகவே பொறுமையாகப் படி, நடுவில் கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்தால் அங்கே ஒரு வரி தானாக அழிந்துவிடும்படி மந்திரம் போட்டிருக்கிறேன்.

போன வசந்தத்தில் வட்டார அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். அதிகாரி மேடையேறி, "நம்ம பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா வரப்போகுது, வறுமை பின்வாசல் வழியா ஓடப்போகுது" என்றார். கூடாரத்துக்கு ஏது பின்வாசல் என்று நான் கேட்கவில்லை, அப்போது பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும்விட நான்தான் பலமாகக் கை தட்டினேன், அந்தக் காற்றில் அதிகாரியின் தொப்பி பறந்து பக்கத்து மாவட்டத்தில் போய் விழுந்தது. சொன்னபடியே சுற்றுலாவும் வந்தது. நகரத்துக் கம்பெனி ஒன்று சாலையோரம் வெள்ளை வெள்ளையாகக் கூடாரம் போட்டு, வெந்நீர்க் குழாயும் வைத்து முகாம் திறந்தது. அந்த முகாமுக்கும் அருவிக்கும் சரியாக நடுவில், ஜீப்பில் குலுங்கி வருகிறவனுக்கு வயிறு காலியாகிற இடத்தில், யாருடைய கூடாரம் நிற்கிறது? சாட்சாத் உன் சித்தப்பாவின் கூடாரம்.

கம்பெனியின் வழிகாட்டி துல்கா என்றொரு பையன். கறுப்புக் கண்ணாடி, வழவழப்பான பேச்சு. முதல் நாள் முறைப்படிதான் வந்தான், தூரத்திலேயே ஜீப்பை நிறுத்திவிட்டு "நாயைப் பிடிங்க!" என்று குரல் கொடுத்தான். நான் பாசாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனால் எட்டுப்பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வாசலில் வந்து இறங்கியவனுக்கு என்ன செய்வோம்? உப்புப் பால் தேநீர், காய்ந்த தயிர்க்கட்டி, பாலாடை, பிறகு ஒரு ஆடு. தின்றார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். மறுவாரம் சும்மா பேச்சுவாக்கில் துல்காவைக் கேட்டேன், இவர்கள் உங்களுக்கு ஏதாவது கொடுக்கிறார்களா என்று. "கொடுக்காமலா அண்ணே, 'நிஜ நாடோடி வீட்டு விருந்து'ன்னு விளம்பரத்துலயே போட்டிருக்கோமே" என்றான். "அந்த விருந்தைப் போட்டது நான்தானே தம்பி?" என்றேன். "ஐயோ அண்ணே, விருந்தாளிக்குச் சோறு போட்டுட்டு நீங்க காசு வாங்குவீங்களா? உங்க அப்பா வாங்கினாரா, உங்க தாத்தா வாங்கினாரா? நான் நம்ம ஆளுண்ணே, உங்களை அப்படி அவமானப்படுத்துவேனா?" என்று நெஞ்சில் கை வைத்தான். நானும் நெகிழ்ந்துபோய் நெஞ்சில் கை வைத்தேன். அவன் நெஞ்சில் பர்ஸ் இருந்தது, என் நெஞ்சில் நெஞ்சுதான் இருந்தது.

அதன்பிறகு பார்க்க வேண்டுமே. ஜீப்புகள் வரிசையாக நின்றதில் முதல் ஜீப் அருவியிலும் கடைசி ஜீப் தலைநகரத்திலும் இருந்தது. உன் சித்தி தேநீர் காய்ச்சிய வேகத்தில் ஆற்று மட்டம் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. நம் ஆடுகள் இருக்கின்றனவே, அவை படிப்பறிவு இல்லாமலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டன. ஜீப் சத்தம் கேட்டதும் பாதி ஆடுகள் நொண்ட ஆரம்பிக்கும், மீதி ஆடுகள் குதிரை மாதிரி கனைத்துப் பார்க்கும். பெரிய கிடா ஒருநாள் என் எதிரே வந்து உட்கார்ந்து வெகுநேரம் என் முகத்தையே பார்த்தது. அது கேட்க வந்ததைத்தான் கடைசியில் பியோ என்ற உங்கள் பூசான்காரர் ஒருவர் கேட்டார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், ஆள் நம் பாலாடைப் பீப்பாய்க்கு அண்ணன் மாதிரி இருப்பார். உனக்கென்று நான் விட்டுவைத்திருந்த கறுத்த தலை ஆட்டை அவர் ஒருவரே முடித்தார், கொம்பைத் தொட்டுக்கொண்டு யோசித்ததைக்கூடப் பார்த்தேன். திடீரென்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு துல்காவிடம் ஏதோ சொன்னார். "அண்ணே, இந்த ஆட்டுக்கு உங்களுக்கு யாரு காசு குடுத்தாங்கன்னு கேக்குறாரு" என்றான் துல்கா, முகம் செத்துப்போய். "விருந்தாளி கேக்கக்கூடாத கேள்வி, இன்னொரு துண்டு எடுத்துக்கச் சொல்லு" என்றேன். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. துல்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் சித்திக்கு அன்று முழுக்கக் கவலை: "உப்பு பத்தலியோ? நல்லாத்தானே சாப்ட்டுட்டு இருந்தாரு மனுஷன்."

இதற்கிடையில் நான் ஒரே நாளில் ஏழையாகவும் பணக்காரனாகவும் இருக்க வேண்டிய நிலை வந்தது. துல்கா வந்து, "அண்ணே, கோச்சுக்காதீங்க, உங்க சோலார் தகட்டையும் மோட்டார் சைக்கிளையும் மறைச்சு வைங்க. நிஜ நாடோடியைப் பாக்கணும்னு வர்றாங்க, நீங்க டிவி பாத்துட்டு இருந்தா மனசு ஒடஞ்சு போறாங்க. கொஞ்சம் ஏழையா இருங்க. ஆனா சுத்தமா இருங்க" என்றான். சரியென்று மோட்டார் சைக்கிளுக்குக் கம்பளி போர்த்தி, அது ஒரு கிழட்டு ஒட்டகம் என்று சொல்லிவைத்தேன், நாலுபேர் அதைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அதே சமயம் வட்டார அதிகாரி வறுமை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்க்கத் தொப்பியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் ஜீப்புகளைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல். "கொம்போ ஐயா, எத்தனை வண்டி! இனி நீங்க ஏழை இல்லய்யா!" என்றார். என்ன செய்வது? கூடாரத்தின் மேற்குப் பக்கம் விருந்தாளிகளுக்கு, அங்கே நான் ஏழை. கிழக்குப் பக்கம் அதிகாரியை உட்காரவைத்தேன், அங்கே நான் பணக்காரன். மேற்கே போகும்போது கிழிந்த அங்கியைப் போட்டுக்கொண்டு பெருமூச்சு விடுவேன், நடுவில் அடுப்பைச் சுற்றி வருவதற்குள் பட்டு அங்கிக்கு மாறி, கிழக்கே போய்ப் பல்லைக் குத்துவேன். ஒருமுறை அவசரத்தில் பட்டு அங்கியோடு மேற்கே போய் அழுதுவிட்டேன். அது எங்கள் பரம்பரைச் சடங்கு என்று துல்கா மொழிபெயர்த்தான், எல்லோரும் கூடவே அழுதார்கள். அதிகாரி போகும்போது 'வறுமையை வென்ற குடும்பம்' என்று ஒரு துணிப் பதாகை கொடுத்தார். கூடவே இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போனார், ஏழை வீடுகளுக்குப் பனிக்காலத்தில் கொடுக்கும் இலவசப் புல் கட்டு இனி நமக்குக் கிடையாதாம். "உங்களுக்கெதுக்குய்யா அது, அசிங்கமா இருக்காது?" என்றார். இந்த வருஷம் மழை பொய்த்து மேய்ச்சல் எல்லாம் வழுக்கைத் தலையாகக் கிடந்தது. பதாகையை ஆட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

அப்போதுதான் உன் சித்தப்பாவின் மண்டைக்குள், பேரரசுகளைக் கட்டி ஆண்ட அதே புத்தி எழுந்து உட்கார்ந்தது. வாசலுக்கு வந்தவனுக்கு விருந்து வைப்பது நம் கடமை, சரி. ஆனால் கூடாரத்தைப் பிரித்து இடம் மாறிக்கொண்டிருக்கும் குடும்பத்தைக் கண்டால் வழிப்போக்கன் இறங்கிக் கைகொடுக்க வேண்டும், தேநீரும் சாப்பாடும் அவன்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அதுவும் அதே வழக்கம்தானே? அடுப்பே வண்டியில் ஏறிவிட்ட வீட்டில் எவன் ஆட்டுக்கறி கேட்பான்? ஆகவே தொலைவில் தூசி கிளம்பினால் போதும், நான் கூரைக் கழிகளை உருவ ஆரம்பிப்பேன். ஜீப் வந்து நிற்கும்போது நம் வீடு ஒரு மூட்டை. "இடம் மாறுறாங்க, நாம உதவணும், இல்லேன்னா பாவம்" என்று துல்கா வாயாலேயே சொல்லவைத்தேன், நம் ஆள் அல்லவா அவன். இறங்கினார்கள் பார். ஒரு வங்கி மேலாளர் காய்ந்த சாணம் பொறுக்கும் கூடையை முதுகில் மாட்டியவர் கழற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்று நம் கதவைத் தூக்கிக்கொண்டு போனது, வழியில் சண்டை வந்து, சுவரே இல்லாத வெட்டவெளியில் அந்தக் கதவை நட்டு, சாத்திக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. சமாதானமானதும் தட்டிவிட்டுத்தான் திறந்தார்கள், நல்ல வளர்ப்பு. களைத்தபின் எல்லோரும் தங்கள் டப்பாக்களைத் திறந்து எங்களுக்கு ஊட்டினார்கள். நோமின், நீங்கள் அங்கே தின்கிற அந்தச் சிவப்பான முட்டைக்கோஸ் ஊறுகாயை உன் சித்தி அப்போதுதான் முதன்முதலாகத் தின்றாள், அவள் காதிலிருந்து வந்த புகையில் ஒரு கொக்குக் கூட்டம் திசைமாறிப் பறந்தது.

நாளுக்கு ஐந்தாறு முறை இடம் மாறினோம். கூடாரத்தின் நிழல் எங்களைப் பிடிக்க முடியாமல் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. கம்பெனி முகாமில் மேஜை எல்லாம் காலி. துல்கா ஓடி வந்து, "அண்ணே, அங்க சமையல்காரன் உக்காந்து அழறான். சாப்பிட ஒருத்தர் வரல, எல்லாரும் உங்க சாணத்தைப் பொறுக்கிட்டு இருக்காங்க. முதலாளி என்னைத் திட்டுறாரு" என்றான். நான் நெஞ்சில் கை வைத்து, "என்ன தம்பி இது, விருந்தாளி கையில இருக்கற கூடையை நான் பிடுங்குவேனா? உங்க அப்பா பிடுங்கினாரா, உங்க தாத்தா பிடுங்கினாரா?" என்றேன். இலையுதிர் காலம் வந்து கடைசி ஜீப் போனபோது நம் மந்தையில் அதற்குமேல் ஒரு ஆடுகூடக் குறையவில்லை, அதிகாரி வந்து என்னை மறுபடி ஏழையாக்கட்டுமா என்று கெஞ்சினார், நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முதல் பனி விழுந்த அன்று வடக்கே சிகரம் ஒன்று நகர்ந்து வருவதைப் பார்த்தோம். கிட்ட வந்தபோதுதான் அது லாரி என்று தெரிந்தது, ஏற்றியிருந்த புல் கட்டின் உச்சி மேகத்தில் உரசி அங்கங்கே மழை பெய்துகொண்டிருந்தது, மேலே இரண்டு கழுகுகள் கூடுகட்டிக் குஞ்சு பொரித்திருந்தன. ஓட்டிக்கொண்டு வந்தது பியோ.

இந்தக் கடிதத்தை அவர்தான் உன்னிடம் கொண்டுவந்து தருவார். மேற்குப் பக்கத்தில் படுத்து இப்போது குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார், கூரை ஏறி ஏறி இறங்குகிறது. மறக்காமல் அவருக்கு வயிறு நிறையப் போடு. பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். நீ எடை குறையாமல் இரு, வாசற்படியை மிதிக்காதே, வீட்டுக்குள் விசில் அடிக்காதே, மேற்பார்வையாளர் திட்டினால் நம் கிடாவைப் போல வெகுநேரம் முகத்தைப் பார், அவரே போய்விடுவார். உன் வழி வெண்மையாக இருக்கட்டும், உன் சித்தி தினமும் நீ இருக்கும் திசையில் முதல் பாலைத் தெளிக்கிறாள், கடல்வரை எட்டாது என்று சொன்னால் என்னை முறைக்கிறாள்.

கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் உன் சித்தி தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "புள்ளைகிட்ட பொய்யாவே எழுதி முடிச்சிடுவீங்களா? ஒரு வரியாவது நெசம் எழுதுங்க" என்கிறாள். எழுதுகிறேன். கூடாரம் ஓடவில்லை, மகளே. ஒரே ஒருமுறை ஓடப் பார்த்தது. தூசியைக் கண்டு நான் ஒரு கழியை உருவினேன், அவள் அதை என் கையிலிருந்து வாங்கி மறுபடி செருகினாள். "வாசல்ல வண்டி நிக்குதுன்னா நம்ம அடுப்பு எரியணும். அதை அணைச்சுட்டு அப்புறம் நாம யாரு?" என்றாள். வந்த அத்தனை பேருக்கும் சமைத்தாள். ஆடுகள் குறைந்தன, பாதியாகக் குறைந்தன. மிஞ்சியதற்குப் புல் இல்லை, பனிக்குச் சாகக் கொடுப்பதைவிட விற்றுவிட்டு நகரத்து ஓரத்தில் கரிப்புகைக்குள் போய்க் குடியேறலாம் என்று கூடாரத்தின் மடக்குச் சுவர்ச் சட்டத்தில் பாதியை மடித்தும் வைத்துவிட்டோம். நீ கூப்பிட்ட அன்று லோதோய் சொன்ன ம்ம் சரியான ம்ம்தான், பாவம், அவனைத் திட்டாதே.

அந்த லாரி மட்டும் உண்மை. மேகத்தை எல்லாம் உரசவில்லை, கழுகும் இல்லை. சாதாரண லாரி, ஒரு விளக்கு எரியாது. பியோ தூரத்திலேயே அதை நிறுத்திவிட்டு நம் பேச்சிலேயே "நாயைப் பிடிங்க!" என்று கத்தினார், பாசார் எலும்பு போட்ட கையை மறக்காமல் வாலை ஆட்டிக்கொண்டு போனான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன், விருந்தாளியிடம் கூலி வாங்குகிற வீடு இது இல்லையென்று சொல்லப் போனேன். உங்கள் ஊரில் கட்டட வேலை பார்த்த லோதோய்தான் அவர் சொன்னதைக் கேட்டுச் சொன்னான்: "கூலி இல்லியாம். போன தடவை வெறுங்கையோட விருந்துக்கு வந்துட்டேன், எங்க ஊர்ல அது மரியாதை இல்ல, அதான் திரும்ப வந்தேன்ங்கறாரு." அவ்வளவுதான். உன் சித்தி உள்ளே போய் மடித்த சட்டத்தை விரிக்க ஆரம்பித்தாள். மிஞ்சிய ஆடுகளுக்கு இந்தப் பனிக்காலம் தாண்டும் அளவுக்குப் புல் இருக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார், ஒரு துணுக்கு விழும், முகர்ந்து பார், அது நம் பள்ளத்தாக்குப் புல் இல்லை. வெள்ளை மாதப் புத்தாண்டுக்கு லீவு போட்டுவிட்டு, போன வருஷம் வந்த அதே வாசலுக்கு வா.

இங்கேயே இருக்கும்
உன் கொம்போ சித்தப்பா, செவெல்மா சித்தி